குதிகாலா, முழங்காலா? எப்போது வலிக்கிறது என்று பாருங்கள்!

"டாக்டர், கால் வலிக்குது. வாயுன்னு நினைக்கிறேன். ஏதாவது ஒரு தைலம் எழுதிக் குடுங்க!"

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கமிருந்து என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நோய் என்ன என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள், மருந்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு மிச்சமிருப்பது கையெழுத்து ஒன்றுதான்!

அவர்கள் சொல்வது முழுக்கத் தப்பும் இல்லை. சித்த மருத்துவத்தில் மூட்டு வலி, குதிகால் வலி, இடுப்பு வலி எல்லாம் பெரும்பாலும் வாத நோய் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் அந்தக் குடும்பம் எவ்வளவு பெரியது தெரியுமா? யூகி முனிவர் வாத நோய்களை மட்டும் 80 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே தைலம் போதும் என்றால், அவர் எதற்கு இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டும்?

அதனால் தைலம் எழுதுவதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். "எப்போ வலிக்குது?" எங்கே வலிக்கிறது என்று எல்லோரும் உடனே கையை வைத்துக் காட்டிவிடுகிறார்கள். எப்போது என்று கேட்டால்தான் யோசிக்கிறார்கள். நீங்களும் கொஞ்சம் யோசித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

காலையில் முதல் அடி வைக்கும்போது...

தூங்கி எழுந்து கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைக்கிறீர்கள். குதிகாலில் ஊசி குத்தியது போல் சுரீர் என்கிறது. நொண்டி நொண்டி சமையலறை வரை போவதற்குள் கொஞ்சம் தேவலை. பால் காய்ச்சி, காபி கலந்து முடிப்பதற்குள் வலி இருந்த இடமே தெரியவில்லை. பிறகு மத்தியானம் ஒரு மணி நேரம் டி.வி. முன்னால் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் சுரீர்!

இதுதான் குதிகால் வாதம். நம் பாதத்துக்கு அடியில் குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை வில்லின் நாண் மாதிரி ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். நாள் முழுக்க நின்றால், திடீரென்று எடை கூடினால், தேய்ந்து தகடான செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால், இந்தச் சவ்வு குதிகாலில் ஒட்டும் இடத்தில் இழுபட்டுப் புண்ணாகிறது. ராத்திரி தூங்கும்போது அது சுருங்கிக்கொள்ளும். காலையில் முதல் அடி வைத்ததும் சுருங்கியது திடீரென்று இழுபடும். அந்த சுரீர் அதனால்தான். நடக்க நடக்க அது இளகிவிடுவதால் வலியும் குறைகிறது.

எங்கள் பகுதியில் இதை நான் அதிகம் பார்ப்பது இரண்டு விதமான பெண்களிடம். ஒன்று, கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள். இன்னொன்று, புது ஃபிளாட்டுக்குக் குடிவந்தவர்கள். "ஃபிளாட்டுக்கும் குதிகாலுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். பழைய வீட்டில் சிமென்ட் தரை, திண்ணை, மண் வாசல் என்று கால் பல தரைகளைப் பார்த்தது. இப்போது விடிந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை கல்லுக்குச் சமமான டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்கிறோம். நாற்பது வயதுக்கு மேல் குதிகாலில் இருக்கும் கொழுப்பு மெத்தையும் மெலிய ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "குதிகால்ல முள்ளு வளர்ந்திருக்காம் டாக்டர், ஆபரேஷன் பண்ணணுமா?" என்று கலங்கி வருகிறவர்கள் உண்டு. பயப்படாதீர்கள். அந்த முள் வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. கடுமையான வலி உள்ள பலருக்கு அது இருப்பதே இல்லை. எக்ஸ்ரேவில் தெரியும் முள்ளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை. இழுபடும் சவ்வுக்குப் பார்த்தால் போதும். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் இது குணமாகிவிடும். ஆனால் ஒரு வாரத்தில் போக வேண்டும் என்று அவசரப்படக்கூடாது.

என்ன செய்யலாம்? காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டை விரல்களுக்குக் கீழே பாதத்தில் மாட்டி இரண்டு நுனியையும் கையால் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். மனசுக்குள் முப்பது எண்ணும்வரை பிடித்து, விட்டு, மறுபடியும் இழுக்க வேண்டும். மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் முதல் அடி. பகலில் சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்பக்கம் சாய்ந்து நில்லுங்கள். கெண்டைக்கால் சதை இழுபடுவது தெரியும். ஒரு பழைய பூரிக்கட்டையைக் கீழே போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தால் முன்னும் பின்னும் உருட்டுவதும் நல்லது. (அந்தக் கட்டை மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது!)

அடுத்தது செருப்பு. "வீட்டுக்குள்ள செருப்பா? மாமியார் என்ன சொல்வாங்க?" என்பார்கள். வெளியே போட்டுப் போகாத, மெத்தென்ற புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வீட்டுக்கென்றே வையுங்கள். பூஜை அறை வாசலில் கழற்றிவிடுங்கள். எந்தத் தைலத்தையும்விட அந்த ஒரு ஜோடி செருப்பு அதிக வேலை செய்யும் என்று சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்.

வைத்தியத்துக்கு நம் பாட்டிமார் செய்த செங்கல் ஒத்தடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் பழுத்த எருக்கிலையைப் போட்டு, குதிகாலை வைத்து வைத்து எடுப்பார்கள். இதம் தரும் முறைதான். காஸ் அடுப்பில் செங்கல்லுக்கு எங்கே போவது என்றால், கல் உப்பை வாணலியில் வறுத்து, கனமான துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம். நொச்சி இலை கிடைத்தால் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் ஒரு பத்து நிமிஷம் பாதத்தை வைத்திருக்கலாம். எருக்கம்பால் மட்டும் கண்ணில் பட்டுவிடக்கூடாது, ஜாக்கிரதை. இன்னொரு முக்கியமான விஷயம்: சர்க்கரை நோயாளிகள் இந்தப் பத்தியை அப்படியே விட்டுவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படி இறங்கும்போது...

ஏறும்போதுகூட சமாளித்துவிடுகிறீர்கள். இறங்கும்போது முழங்கால் 'வேண்டாம்' என்கிறது. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். மடக்கி நீட்டினால் உள்ளே நறநறவென்று சத்தம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கிறது. இது முழங்கால் மூட்டுத் தேய்மானம். சித்த மருத்துவத்தில் அழல் கீல் வாயு என்கிறோம். 'கீல்' என்றால் மூட்டு.

எலும்பின் முனையில் வழவழப்பாக ஒரு குருத்தெலும்பு உண்டு. இதற்கு நேரடியாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் பசை போன்ற நீரிலிருந்துதான் சாப்பாடு. ஸ்பான்ஜை அழுத்தி விட்டால் தண்ணீரை உறிஞ்சுகிறதல்லவா, அதுபோல நாம் காலை அசைக்கும்போதுதான் அந்த நீர் உள்ளே போய் வரும். மூட்டுகளைப் பிணைத்து வழவழப்பாக வைத்திருப்பது 'சந்திகம்' என்ற கபம் என்று சித்தர்கள் சொன்னதும், அது குறைந்து வாதம் கூடும்போது மூட்டு வறண்டு வலிக்கும் என்று சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

"அப்போ ரெஸ்ட் எடுத்தா சரியாயிடுமா?" ஆகாது! வலி கடுமையாக இருக்கும் இரண்டு மூன்று நாள் ஓய்வு சரி. மாதக்கணக்கில் நாற்காலியிலேயே உட்கார்ந்தால் தொடைச் சதை வற்றிப்போகும். முழங்காலைத் தாங்குவது எலும்பு மட்டும் இல்லை, தொடையின் முன்பக்கச் சதைதான் அதற்குத் தூண். தூண் இளைத்தால் கூரை முழுக்கச் சுவர்மேல் இறங்கும்.

அந்தத் தூணைப் பலப்படுத்த ஜிம்முக்குப் போக வேண்டாம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முழங்காலால் துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி, பத்து எண்ணி, விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை, காலையும் மாலையும். நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்க்கும்போது ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். விளம்பரம் வரும் நேரம் போதும், இரண்டு காலும் முடிந்துவிடும். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எடையைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. 5 கிலோ குறைத்தால் 20 கிலோ, அதாவது ஒரு பெரிய அரிசிப் பை! 'உருளைக்கிழங்கு வாயு, கொண்டைக்கடலை வாயு' என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, மூன்று வேளையும் சாதத்தைக் குவித்துச் சாப்பிடுவதில் என்ன புண்ணியம்? பிரண்டைத் துவையல், முடக்கறுத்தான் தோசை, முருங்கைக்கீரை எல்லாம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாராளமாகச் சேருங்கள். ஆனால் தோசை மூன்றோடு நிற்கட்டும்.

படிக்கட்டுக்கு ஒரு விதி இருக்கிறது. ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள். கைப்பிடியை விடாதீர்கள். கைத்தடி வைத்துக்கொள்வதாக இருந்தால் வலிக்கும் முழங்காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் வலிக்கும் பக்கமே ஊன்றுகிறார்கள்.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம் உண்டு. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை எந்த ஸ்டேஷனை எடுத்துக்கொண்டாலும், மேம்பாலப் படி ஏற முடியாமல் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்கிற பெரியவர்களைப் பார்க்கலாம். முழங்கால் சரியில்லாதவருக்கு ஓடவும் முடியாது. தயவுசெய்து வேண்டாம். கூட ஐந்து நிமிஷம் ஆகட்டும், ஒவ்வொரு படியாக ஏறுங்கள், அடுத்த வண்டியில் போகலாம். திருநீர்மலை, குன்றத்தூர் மலைக் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். சாமி எங்கேயும் போய்விட மாட்டார்!

மருந்துக்கு வருவோம். வாதகேசரித் தைலம், உளுந்துத் தைலம் போன்றவற்றை இளஞ்சூடாக்கி முழங்காலைச் சுற்றி மெதுவாகத் தடவி, பிறகு ஒத்தடம் கொடுத்தால் வலியும் இறுக்கமும் குறையும். சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32 வகை, வெளிமருந்து 32 வகை என்று சரிபாதியாக வைத்திருக்கிறார்கள். ஒற்றடம், பற்று, தொக்கணம் எல்லாம் வெளிமருந்தில் சேர்ந்தவை. 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மம், தொக்கணம் போன்றவற்றுக்காகச் சிறப்பு மருத்துவம் என்று தனித் துறையே இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். உள்மருந்தை மட்டும் நேரில் பார்த்துத்தான் தர வேண்டும்; பத்திரிகையில் எழுதித் தருவது முறையல்ல.

"தேஞ்ச எலும்பு வளர்ந்துடுமா டாக்டர்?" வளராது. வளரும் என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்! வலியைக் குறைக்கலாம், தேய்மானத்தின் வேகத்தை மட்டுப்படுத்தலாம், நடமாட வைக்கலாம். ராத்திரி தூங்கவிடாத வலி, கால் வில்லாக வளைந்துவிட்டது, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியவில்லை என்ற நிலை வந்தால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள்வதில் தயக்கம் வேண்டாம். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே, 2000-ல் ஒரு முழங்காலும் 2001-ல் இன்னொன்றும் மாற்றிக்கொண்டு பதவியில் தொடர்ந்தார். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பும் வைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் நான் மேலே சொன்ன தொடைப் பயிற்சி வேண்டும்.

பொட்டலத்தில் வரும் ஆபத்து

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. லேபிள் இல்லாத டப்பாவில் கறுப்புப் பொடி, பெயர் தெரியாத மாத்திரை. "மூணே நாள்ல வலி பறந்துபோச்சு சார், ஊர்லேர்ந்து வரவழைச்சேன்" என்பார்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. மூன்று நாளில் வலி பறந்து, பசி அதிகமாகி, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கி வருடக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையும் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த வைத்தியம் என்பது இரண்டாவது விஷயம். யார் கொடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் வாயில் போடாதீர்கள்.

வேறு சில வலிகள்

நடு ராத்திரியில் கட்டைவிரல் மூட்டு சிவந்து, வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிறதா? யூரிக் ஆசிட் பார்க்க வேண்டும். காலையில் எழுந்தால் இரண்டு கையின் விரல் மூட்டுகளும் பாதமும் ஒரு மணி நேரத்துக்குமேல் விறைத்துப் போகிறதா? அது தேய்மானம் இல்லை, வாதத்தில் வேறு வகை. சீக்கிரம் வைத்தியம் ஆரம்பித்தால்தான் விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து சுட்டாலும் அப்படியே.

"சிக்குன்குன்யா வந்ததிலிருந்தே கால் சரியில்லை" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். 2006-ல் தமிழ்நாட்டை ஆட்டி வைத்ததே, அந்தக் காய்ச்சல்! சென்னைக்கு அது புதிதல்ல, 1964-லேயே இங்கே வந்து போயிருக்கிறது. 1952-ல் தான்சானியா பக்கம் முதலில் கண்டுபிடித்தபோது, வலியில் உடம்பு வளைந்து குனிந்து போவதால் அந்த ஊர் மக்கள் மொழியில் இந்தப் பேர் வைத்தார்கள். காய்ச்சல் போன பிறகும் மூட்டு வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கலாம். ஆனால் 2006-லிருந்து வலி என்றால் பழியைக் கொசுமேலேயே போட்டுக்கொண்டிருக்காமல் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

வலிக்கவே வலிக்காத கால்

இத்தனை வலிகளைப் பற்றிச் சொன்னேன். ஆனால் நான் அதிகம் பயப்படுவது வலிக்காத காலைப் பார்த்துத்தான். சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்ச்சியை இழக்கும். சிலருக்கு எரிச்சல், பஞ்சுமேல் நடப்பது போன்ற உணர்வு வரும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. "எனக்குக் கால்ல ஒரு பிரச்சினையும் இல்லை டாக்டர்" என்பார்கள். குனிந்து பார்த்தால் பாதத்துக்கு அடியில் ஆணி குத்திய புண் இருக்கும்!

முன்னே சொன்ன ஒத்தடம் இவர்களுக்கு ஏன் கூடாது என்று இப்போது புரிந்திருக்கும். சூடு தெரியாது. தோல் வெந்து கொப்புளமானபிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகலாம். கோயிலில் உச்சி வெயிலில் கருங்கல் பிரகாரம் சுற்றுவதும் இதே கதைதான். காலையில் ஏழு மணிக்குப் போய்ச் சுற்றுங்கள்.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அப்பாவையோ அம்மாவையோ கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரலால் லேசாக ஒரு நொடி தொடுங்கள், அழுத்த வேண்டாம். இரண்டு காலிலும் ஆறு இடம். எந்த விரல் என்று அவர்கள் சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் தெரியவில்லை என்றாலே டாக்டரிடம் காட்டுங்கள்.

இவர்கள் கால் ஆணியை பிளேடால் சீவக்கூடாது, கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியும் ஒட்டக்கூடாது. பித்த வெடிப்புக்குக் குங்கிலிய வெண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் எதையும் பூசாமல் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். மழைக்காலத்தில் இது ரொம்ப முக்கியம். 2015-லும் 2023-லும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தில் நாள்கணக்கில் நின்றவர்களுக்குத் தெரியும், சேற்றுப்புண் எப்படிப் படுத்தும் என்று. மற்றவர்களுக்கு மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்துப் போட்டால் ஆறிவிடும். சர்க்கரை நோயாளி அதை வைத்துக்கொண்டு நாலு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. தினமும் ராத்திரி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தின் அடியைப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். போடுவதற்கு முன் செருப்பைத் தட்டிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள்; குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்கிற மாதிரி.

கால் வலி என்று எந்த டாக்டரிடம் போனாலும், எக்ஸ்ரேயோடு நீங்கள் தினமும் போடும் பழைய செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கூச்சப்பட வேண்டாம். உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா, வெளிப்பக்கமா, ஒரு செருப்பு மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.